பொட்டுக்கு அடியில் ஒரு ஜன்னல்

தண்ணி லாரி வராத ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சுங்குவார்சத்திரத்துக்குக் கிழக்கே பதினாறு வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டிருக்கும் லைனில், ஏழாம் நம்பர் வீட்டுப் பூங்காவனம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்காக நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்துக் கதவில் ஒட்டியபோது, பொட்டு இருந்த இடத்தில் தோலும் இல்லை, எலும்பும் இல்லை, கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு ஜன்னல் இருந்தது. அவள் அலறவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தாள், துடைத்த கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தது. அவளுடைய முதல் கவலை அதில் எண்ணெய் இறங்கிவிடுமோ என்பது, இரண்டாவது கவலை தூசி, மூன்றாவது, சீயக்காய் பட்டால் உள்ளே எரியுமோ என்பது. இது ஏன் வந்தது என்று நான்காவதாக யோசிக்கலாம் என்றிருந்தாள், அதற்குள் அடுப்பில் பால் பொங்கியது, அந்தக் கேள்விக்கு அன்றும் நேரம் கிடைக்கவில்லை, பிறகும் கிடைக்கவில்லை.

அவளுக்குப் பதிலாகக் காரணத்தை லைன் கண்டுபிடித்துக் கொடுத்தது. பூங்காவனம் வேலை பார்க்கும் கம்பெனியில் செல்போனுக்குத் திரை வடிவமைக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். நம்மை நாமே படம் எடுத்துக்கொள்ளும் கேமராவுக்காகப் போனின் உச்சியில் ஒரு கருப்புப் புள்ளி விட்டிருப்பார்களே, அந்தப் புள்ளி இருக்கக் கூடாது என்று கேமராவைத் திரைக்கு அடியிலேயே ஒளித்துவைக்கிற வேலை அங்கே நடந்தது. திரை என்பது லட்சக்கணக்கான பொடி விளக்குகள், கேமராவுக்கு மேலே இருக்கிற இடத்தில் மட்டும் அந்த விளக்குகளை நாற்றுபோலக் கலைத்து நட்டால்தான் இடுக்கு வழியாக வெளிச்சம் உள்ளே இறங்கும், ரொம்பக் கலைத்தால் அந்த இடம் வெள்ளைத் திரையில் கறையாகத் தெரியும், நெருக்கி நட்டால் கறை தெரியாது, ஆனால் எடுக்கிற படம் சாம்பிராணிப் புகைக்குள் நின்று எடுத்ததுபோல வரும். இந்த இரண்டுக்கும் நடுவே இருபத்திரண்டு என்ஜினியர்கள் ஐந்து வருஷமாக நின்றுகொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட திரையை நாள் முழுக்க முறைத்துப் பார்க்கிறவளுக்கு நெற்றியில் கண்ணாடி வராமல் முருங்கைக்காயா காய்க்கும் என்று எட்டாம் நம்பர் லோகா கேட்டாள், லைன் ஒப்புக்கொண்டது, அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை.

என்ஜினியர்கள் நின்ற இடத்துக்குப் பூங்காவனம் போய்ச் சேர்ந்தது துடைப்பத்தோடு. நாலு வருஷம் அந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைத்தாள். ஒரு நாள் மேஜைமேல் எரிந்துகொண்டிருந்த வெள்ளைத் திரையில் ஒரு கறையைப் பார்த்து, ஈரத்துணியால் தேய்த்து, போகவில்லை என்று சோப்புத் தண்ணீரால் தேய்த்து, அப்படியும் போகவில்லை என்று நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது பெனடிக்ட் சார் காபியோடு உள்ளே வந்தார். கூடத்துக்குத் தலைவர் அவர்தான், நாகர்கோவில்காரர், கோபம் வந்தாலும் குரல் உயராது, காபி மட்டும் தளும்பும்.

“என்னம்மா செய்யிதிய?”

“கறை சார். போவ மாட்டேங்குது.”

“எங்க கறை?”

“இதோ சார், இங்கதான். தெரியலயா உங்களுக்கு?”

அவருக்குத் தெரியவில்லை. அவர் கூப்பிட்டு வந்த ஆறு பேருக்கும் தெரியவில்லை. அந்தத் திரையில் கறை அடியோடு ஒழிந்தது என்று பத்து நாளைக்கு முன்னால்தான் தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டு அவர்கள் கேக் வெட்டியிருந்தார்கள். கருவியை வைத்துப் பார்த்தபோது, அவள் நகம் சுரண்டிய இடத்துக்கு நேர் அடியில், ஒரு கடுகளவும் பிசகாமல், கேமரா இருந்தது.

அந்தக் கண் அவளுக்குப் படிப்பால் வந்ததல்ல, பதற்றத்தால் வந்தது. அரிசியில் கல்லைப் பார்க்கிறவர்கள் உண்டு, பூங்காவனம் கல் இல்லாத அரிசியிலும் கல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பாள். வெளுத்த சட்டையில் நாளைக்குப் படப்போகிற கறை அவளுக்கு இன்றைக்கே தெரியும். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தல் கால் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள், சாயாமல் இருந்தால் ஏன் இன்னும் சாயவில்லை என்று பார்ப்பாள், தாலி கட்டியதைப் பார்த்திருக்க மாட்டாள். இதற்காக நாற்பத்தேழு வயதுவரை திட்டு வாங்கியவளுக்குக் கம்பெனியில் இருட்டறை ஒன்றும், சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றும் கொடுத்து, வெள்ளைத் திரைகளை வரிசையாக எரியவிட்டு, கறை தெரிகிறதா என்று சொன்னால் போதும் என்றார்கள். அவளுடைய கவலைக்கு உலகத்தில் முதல்முறையாக ஒரு நாற்காலி கிடைத்தது. அவள் அதில் முழுதாகச் சாய்ந்ததே இல்லை, சக்கரம் உருண்டுவிடும் என்ற பயம், ஆனாலும் அது அவளுடைய நாற்காலி.

நாற்காலிக்கு ஒரு தாள் நிரப்ப வேண்டியிருந்தது. ஆபீஸில் ஆட்களைச் சேர்க்கிற சுகன்யா மேடம், “படிப்பு என்னம்மா, பத்தாவது பாஸ்தானே, இந்த வேலைக்குப் பத்தாவது வேணும்” என்று கேட்டார். பூங்காவனம் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், ஆமாம் என்று வந்துவிட்டது. கல்யாணப் பேச்சிலும் அவளுடைய வீட்டார் பத்து என்றே சொல்லியிருந்தார்கள், ஆக அந்தப் பத்துக்கு ஏற்கெனவே இருபத்திரண்டு வயது ஆகியிருந்தது. அவள் படித்தது எட்டாவது, அதிலும் அரைப்பரீட்சைவரை.

இப்படி இருக்கும்போதுதான் ஜன்னல் வந்தது.

முதலில் எட்டிப் பார்த்தவள் லோகா. அவள் அதே கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி உருட்டுகிறவள், காலையில் பஸ்ஸுக்கு முன்னால் யார் வீட்டில் என்ன குழம்பு என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பு போடுவாள்.

“இன்னாக்கா, நெத்தியில டிவி வச்சிகினு இருக்க?”

“எதனா தெரியுதா லோகா?”

“இரு. கேஸ் அடுப்பு தெரியுது. மூடிட்டமான்னு திருகிப் பாக்குற. மறுபடி வந்து திருகிப் பாக்குற. தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து திருகுற.” லோகா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். “ஏன்க்கா, வேற எதுவும் ஓடாதா இதுல?”

செய்தி பதினாறு வீட்டுக்கும் பரவி, ஆளுக்கு ஆள் வந்து, கையை மறைப்பாக வைத்துக்கொண்டு பூங்காவனத்தின் நெற்றியில் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். தன்னைப் பற்றி அவள் உள்ளுக்குள் என்ன நினைக்கிறாள் என்று பார்க்கப் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்த பதினொன்றாம் நம்பர் கஸ்தூரிக்கு, அவளுடைய துணிக்கொடியின் துருப்பிடித்த ஆணி மட்டும் தெரிந்தது, அது பிடுங்கிக்கொண்டு யார் கண்ணில் விழுமோ என்ற பயமும் தெரிந்தது. கஸ்தூரி ஒரு வாரம் பேசவில்லை. அவள் எதிர்பார்த்து வந்தது பொறாமையை. பூங்காவனத்துக்குப் பொறாமைப்பட நேரமில்லை என்பதை யாரும் நம்பவில்லை, பிறகு பார்த்துப் பார்த்து நம்பினார்கள், நம்பியதும் சலித்துப்போனார்கள்.

தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் பிரஷர் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், அவருடைய ஸ்கூட்டர் சாவி வண்டியிலேயே இருப்பது அவளுடைய நெற்றியில் தெரிந்து வெளியே ஓடினார், திரும்பி வந்து தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். அம்மன் கோயில் பூசாரி ஜன்னலின் மேல் விபூதியைப் பூசினார், படம் மங்கலானது, ஒரு மணி நேரத்தில் வியர்வையில் கரைந்து மறுபடியும் தெளிந்தது. ரேஷன் கடையில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அங்கே நெற்றியைப் பார்க்கிற கருவி இல்லை, விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள், விழவில்லை, நாளைக்கு வரச் சொன்னார்கள்.

பிறகுதான் லைனுக்கு அதன் உபயோகம் புரிந்தது. பூங்காவனம் தன்னுடைய வீட்டுக்காக மட்டும் கவலைப்படுகிறவள் அல்ல. தண்ணி லாரி எந்தக் கிழமை, யார் வீட்டு சிலிண்டர் எத்தனை நாள் தாங்கும், யார் பிள்ளைக்கு எந்தத் தேதியில் தடுப்பூசி, எந்த வீட்டு மொட்டைமாடியில் வடகம் காய்கிறது, மேற்கே எவ்வளவு மழைக் கருக்கல், எல்லாம் அவள் நெற்றிக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. எனவே காலையில் குடத்தோடு வருகிறவர்கள், “பூங்காக்கா, கொஞ்சம் நிமிரு” என்று சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் அவளுடைய நெற்றியைப் பார்த்துவிட்டுப் போனார்கள், போகப்போகக் காலண்டரைக் கிழிப்பதையே நிறுத்தினார்கள். இத்தனை வருஷம் தொணதொணப்பு என்று பெயர் வாங்கிய விஷயங்கள் வாயைத் திறக்காமல் தெரிந்ததும் தகவல் என்று பெயர் வாங்கின.

பார்க்காதவன் ஒருத்தன்தான், அவள் புருஷன் ஏகாம்பரம். கம்பெனிப் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு டிரைவர். அவன் அன்றிலிருந்து அவளுடைய முகவாயைப் பார்த்தே பேசினான்.

“ஊரே பாக்குது, நீ ஏன்யா பாக்க மாட்டேங்குற?”

“அடுத்தவங்க வூட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்கக் கூடாது.”

“நான் அடுத்தவளா?”

“ஜன்னலுக்கு உள்ள இருக்கிறவ யாருன்னு யாருக்குத் தெரியும்” என்று முகவாயிடம் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

பூங்காவனமும் பார்க்க முடியவில்லை. கண்ணாடி முன்னால் நின்றால் கண்ணாடியில் ரசம் போயிருக்கிறதே என்ற கவலை வந்துவிடும், நெற்றிக்குள் ரசம்போன கண்ணாடியே தெரியும், அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. தனக்குள் என்ன இருக்கிறது என்பதை அவள் லோகா சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

கம்பெனியில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அளந்து பார்த்தார்கள். ஷர்மிளா பானு என்ற சின்ன என்ஜினியர், “அக்கா, அசையாம இருங்க” என்று சொல்லி நெற்றியில் கருவியை வைத்தாள்.

“சார், எண்பத்தேழு சதவீதம் வெளிச்சம் போகுது. கொஞ்சம்கூட மங்கல் இல்ல.”

“நம்ம திரையில?”

“முப்பத்தெட்டு.”

பெனடிக்ட் சார் ஜன்னலை ஏக்கமாகப் பார்த்தார். “இத எந்த லேப்ல செஞ்சாவ? செஞ்ச ஆளு நம்மகிட்ட வேலைக்கு வருவாவளான்னு கேளு.” நெற்றிக்குள்ளே அவருடைய காபி மேஜை விளிம்பில் இருப்பது தெரிந்தது, தள்ளி வைத்தார். அதோடு அங்கேயும் அது பழகிவிட்டது.

ஆறாவது வாரம் சுகன்யா மேடத்திடமிருந்து ஒரு தாள் வந்தது. புதிய திரையைப் பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய சார் வருகிறார், அதற்குள் ஊழியர் எல்லாரும் அசல் சான்றிதழைக் காட்ட வேண்டும், பூங்காவனம் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும். அவள் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலையில் குடத்தோடு நெற்றியைப் பார்த்த லோகா குடத்தைக் கீழே வைத்தாள்.

“க்கா, லாரி எங்க? ஒண்ணும் காணோம்.”

“நல்லாப் பாரு.”

“கேஸ் இல்ல, பால் இல்ல. எல்லாத்துக்கும் அடியில கிடந்தது மேல வந்த மாதிரி ஒரு பெஞ்சு தெரியுது. ஸ்கூல் மாதிரி இருக்கு. பெஞ்சுல ஒரு பை, பைக்குள்ள ஒரு டப்பா.”

பூங்காவனம் முந்தானையால் நெற்றியைப் பொத்திக்கொண்டாள்.

அந்த டப்பா அவளுடைய முதல் கவலை. எட்டாவது படிக்கையில் ஒரு நாள் பதினோரு மணிக்கு அவளுடைய அப்பா வகுப்பு வாசலில் வந்து நின்று, அத்தைக்குப் பிரசவம், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ரெண்டு நாள் வந்துட்டுப் போ என்று கூப்பிட்டார். ரெண்டு நாள்தானே என்று பையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனாள். பைக்குள் டப்பாவில், அன்று காலை அவளே கிண்டிய எலுமிச்சம்பழச் சாதம். ரெண்டு நாள் ரெண்டு மாதமாகி, பிறகு அவளை அனுப்பலாமா என்று கேட்க வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, பையைக் கேட்டுப் போக அவளுக்குக் கூச்சம். படிப்பு போனதற்கு அவள் அழுததில்லை. சாதம் ஊசிப்போயிருக்குமே, டப்பா நாறுமே, பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்களே, இது பூங்காவனத்துதுதான் என்று சொல்வார்களே என்றுதான் அன்றிலிருந்து தவித்தாள். அதற்கப்புறம் வந்த கவலைகள் எல்லாம், கேஸும் பாலும் பந்தல் காலும், அந்த டப்பாவின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கிய டப்பாக்கள்.

சுங்குவார்சத்திரம் ஃபேன்சி ஸ்டோரில் இருந்ததிலேயே பெரிய பொட்டு அட்டையை வாங்கினாள். எட்டணா அகலத்தில் ஒன்று ஒட்டினாள், ஓரத்தில் பெஞ்சின் கால் தெரிவதாக லோகா சொன்னாள், ஒரு ரூபாய் அகலத்தில் ஒன்று ஒட்டினாள். லைனில் சங்கடம் ஆரம்பித்தது. லாரி வந்துபோனது யாருக்கும் தெரியவில்லை, மூன்று வீட்டில் பால் பொங்கியது, கஸ்தூரி வீட்டு வடகம் நனைந்தது, எல்லாரும் பூங்காவனத்தைத் திட்டினார்கள்.

“உன் நெத்தியை நம்பித்தானே கேலண்டரை விட்டோம்” என்றாள் கஸ்தூரி.

அதைவிட மோசம் ஒன்று நடந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பொட்டை ஒட்டிய நாளிலிருந்து அவளுக்குக் கறை தெரியவில்லை. இருட்டறையில் நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளைத் திரையைப் பார்த்தால் வெள்ளைதான் தெரிந்தது. மற்றவர்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள்போலிருக்கிறது, எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது, இவர்கள் ஏன் நிம்மதியாக இல்லை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பெரிய சார் வந்தார். மெலிந்த மனிதர், எதையும் இரண்டு முறை கேட்காதவர். பின்னால் இருபத்திரண்டு என்ஜினியர்கள், சுகன்யா மேடம், மூடிய பெட்டியில் கேக். கடைசியாகச் செய்த திரையைப் பெனடிக்ட் சார் மேஜையில் வைத்து எரியவிட்டார். அவருடைய கையில் அன்றைக்குக் காபி இல்லை. இது சரி என்றால் தொழிற்சாலையில் பத்து லட்சம் போன் தயாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

“இவங்கதான் எங்க கண்ணு சார்” என்றார்.

பெரிய சார் பூங்காவனத்தைப் பார்த்தார், அவளுடைய பொட்டைப் பார்த்தார், “தெரியுதா?” என்றார்.

“தெரியல சார்” என்றாள். அது பொய் இல்லை.

கை தட்டினார்கள். ஷர்மிளா பானு அவளைக் கட்டிக்கொண்டாள். சான்றிதழை நாளைக்குக் காட்டினால் போதும் என்று சுகன்யா மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார். பூங்காவனம் தன்னுடைய நாற்காலியை மேஜைக்கு அடியில் நேராகத் தள்ளி வைத்துவிட்டு, ஐந்தரை மணி பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

பஸ் நெடுஞ்சாலையில் ஏறியது. பின்னால் முப்பது பெண்கள், பாதிப் பேர் தூக்கத்தில். பொட்டுக்கு அடியில் நெற்றி விண்விண் என்று தெறித்தது. பத்து லட்சம் போன், பத்து லட்சம் பேர், ஒவ்வொருத்தரும் வெள்ளைத் திரையைப் பார்த்து, ஏதோ அழுக்கு என்று முந்தானையால் தேய்த்து, எச்சில் தொட்டுத் தேய்த்து, போகவில்லையே, நாம்தான் எங்கேயோ அழுக்குக் கையை வைத்துவிட்டோம் என்று தவித்து. நாடு முழுக்கப் பத்து லட்சம் பூங்காவனங்கள். ஒரு பூங்காவனத்தையே இந்த லைன் தாங்கவில்லை.

“ஏங்க, வண்டியை நிறுத்துங்க.”

“கேஸா?” என்றான் ஏகாம்பரம்.

“இல்ல.”

“பூட்டா?”

“இல்லங்க. கறை.”

அவள் பொட்டைப் பிய்த்து டாஷ்போர்டில் ஒட்டினாள். ஏகாம்பரம் பஸ்ஸை ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு, பயணிகளைப் பார்ப்பதற்காகத் தலைக்குமேல் வைத்திருக்கும் பெரிய கண்ணாடியில், தவறிப்போய், பெண்டாட்டியின் நெற்றியைப் பார்த்துவிட்டான். பார்த்தபின் கண்ணை எடுக்க முடியவில்லை.

“இன்னா டப்பா அது?”

“என்துதான். எட்டாவதுல வச்சிட்டு வந்தது.”

“எட்டாவதா? உங்க வூட்ல பத்துன்னாங்களே.”

“எட்டும் பாதிதான்.”

இண்டிகேட்டர் டிக்டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தான், துடைத்த இடத்தையே துடைத்தான்.

“நான் ஏழு” என்றான்.

“பத்தாவது ஃபெயில்னு சொன்னீங்க.”

“அது எங்க மாமா யோசனை. பாஸ்னா மார்க் கேப்பாங்க, ஃபெயில்னா பாவம்னு உட்டுடுவாங்கன்னாரு.”

பின்சீட்டிலிருந்து லோகா, “ரெண்டு பேர் படிப்பையும் கூட்டுனாலே பதினஞ்சு வருதே, போதாதா, வண்டியை எடு மாமா” என்றாள். ஏகாம்பரம் எடுத்தான், ஆனால் லைனை நோக்கி அல்ல. முப்பது பெண்களும் எழுந்து, மாவு புளிக்கும், சீரியல் போகும், புள்ளை வந்திருக்கும் என்று சத்தம் போட, பஸ் சந்திப்பில் திரும்பிக் கம்பெனிக்கே போனது. வண்டியில் உட்கார்ந்து கொசுக்கடி படுவானேன் என்று அவர்களும் இறங்கி அவள் பின்னாலேயே உள்ளே நடந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்ட செக்யூரிட்டியிடம் லோகா, “கறை பாக்க” என்றாள்.

கேக்கின் முதல் துண்டு பெரிய சாரின் கையில் இருந்தது. பூங்காவனம் மேஜைக்கு முன்னால் போய் நின்று திரையைப் பார்த்தாள். உடனே தெரிந்தது, உச்சியில், வட்டமாக, வெள்ளைவேட்டியில் காபி டம்ளர் வைத்து எடுத்த தடம்போல. அவள் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய நெற்றிக்குள் அதே வெள்ளைத் திரையும், அதே தடமும், எல்லாரும் பார்க்கிற மாதிரித் தெரிந்தது, அதற்குக் கீழே பெஞ்சும் டப்பாவும் தெரிந்தது, டப்பாவுக்குப் பக்கத்தில் அட்டையில் எட்டாம் வகுப்பு ஆ பிரிவு என்று எழுதிய நோட்டும் தெரிந்தது. இருபத்திரண்டு என்ஜினியர்கள் தடத்தைப் பார்த்தார்கள். சுகன்யா மேடம் நோட்டைப் பார்த்தார்.

“பொட்டு வச்சிருந்தேன் சார், அதான் அப்பத் தெரியல” என்றாள் பூங்காவனம். “பத்தாவதும் இல்ல மேடம். மன்னிச்சிடுங்க.”

பெரிய சார் கேக்கைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். “இதுக்கு என்ன செய்யலாம்?” என்று பெனடிக்ட் சாரைக் கேட்டார், அவர் கூரையைப் பார்த்தார். வேலை எப்படியும் போய்விட்டது, இனி கேட்காமலே சொல்லலாம் என்று பூங்காவனம் சொன்னாள்:

“ஓரம் சார். ஸ்டிக்கர் பொட்டைப் பிச்சா அந்த எடம் ஓரத்தாலதான் சார் தெரியும். குங்குமம் வச்ச எடம் அப்படித் தெரியாது, ஓரம் கலைஞ்சிப் போயிருக்கும். நீங்க நடுவுலயே வேலை பாக்குறீங்க. ஓரத்தைக் கொஞ்சம் கலைச்சி உட்டுப் பாருங்க.”

பெரிய சார் தாள் கேட்டு வாங்கி ஒரு வட்டம் போட்டு அதன் ஓரத்தை விரலால் தேய்த்தார். பின்னால் முப்பது பெண்களும் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விதி விதிதான் என்று சுகன்யா மேடம் வருத்தப்பட்டார், நாற்காலிக்குப் பத்தாவது வேண்டும், அதைப் பெரிய சாராலும் மாற்ற முடியாது. துடைக்கிற வேலைக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். எனவே பூங்காவனம் மறுநாளிலிருந்து பதிவேட்டில் துடைக்கிறவள் ஆனாள். கையில் துணியோடு இருட்டறைக்குள் போவாள், வெள்ளைத் திரைகளை வரிசையாகத் துடைப்பாள், அவள் எங்கே அழுத்தித் தேய்க்கிறாளோ அங்கே ஷர்மிளா பானு பென்சிலால் குறித்துக்கொள்வாள். சக்கரம் வைத்த நாற்காலி, யாரும் உட்காரக் கூடாது என்ற பலகையோடு மூலைக்குப் போனது. மேல்வரிசை எட்டவில்லை என்று எழுதி அனுப்பி பெனடிக்ட் சார் அவளுக்கு ஒரு மர ஸ்டூல் வரவழைத்தார். அது உருளாது. அவள் அதில் முழுதாக உட்கார்ந்தாள்.

லைனில் நிலைமை சீரானது. லாரி தெரிந்தது, வடகம் காய்ந்தது, கஸ்தூரி அந்த ஆணியை மாற்றினாள். ஏகாம்பரம் இப்போது ஜன்னலை நேராகப் பார்த்துப் பேசினான், வாயால் சொல்ல வேண்டிய பதிலையும் சிலசமயம் ஜன்னலைப் பார்த்தே தெரிந்துகொண்டு சாப்பிட உட்கார்ந்தான், அதில் அவளுக்குப் புதிதாக ஒரு கவலை.

ஓரம் கலைத்த திரை எட்டு மாதம் கழித்து வந்தது. அவள் அதைத் துடைத்தாள், எங்கேயும் அழுத்தவில்லை. முதல் பெட்டியில் வந்த போன் ஒன்றைப் பெனடிக்ட் சார் அவள் கையில் கொடுத்து, “ஒரு படம் எடுத்துக்கிடுங்கம்மா” என்றார். அவள் போனை நீட்டிப் பிடித்துக் கேமரா எங்கே என்று தேடினாள். தெரியவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல், கண்ணாடி முன்னால் வருகிற கவலை ஒன்றும் வராமல், எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றபோது போன் தானாகவே படம் எடுத்துவிட்டது.

படத்தில் அவளுடைய நெற்றி இருந்தது, நெற்றியில் ஜன்னல் இருந்தது, துளி மங்கல் இல்லை. தன்னுடைய உள்ளே இருப்பதை அவள் முதல்முறையாகத் தன் கண்ணால் பார்த்தாள். இரண்டு விரலால் அகட்டிப் பெரிதாக்கினாள். பெஞ்சு இருந்தது, பை இருந்தது, டப்பா பைக்கு வெளியே இருந்தது. மூடி பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒரு பருக்கை இல்லை, ஓரத்தில் மஞ்சள் ஒட்டியிருந்ததையும் யாரோ விரலால் வழித்திருந்தார்கள், வழித்த தடம் தெரிந்தது.

ஊசிப்போகவில்லை. அன்றைக்கே, சூட்டோடு, யாரோ ஒரு பெண் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள். முப்பத்தைந்து வருஷமாக யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

பூங்காவனம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுடைய நெற்றியில் ஒன்றும் ஓடவில்லை என்று ஷர்மிளா பானு பிறகு சொன்னாள், ஒரு நிமிஷம் போல அது வெறும் கண்ணாடியாக இருந்ததாம், உள்ளே வெயில் அடித்ததாம். ஒரு நிமிஷம் ஆனபின் பூங்காவனம் படத்தை மறுபடியும் பெரிதாக்கி, காலியான டப்பாவை உற்றுப் பார்த்து, அன்றைக்கு அவசரத்தில் சாதத்துக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்று யோசிக்க ஆரம்பித்தாள்.